பெரிய டாட்டூ குத்திக்கொள்ளும் மும்பைத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் செம்பூரில் வசிக்கிறேன். பச்சை குத்தும் கலைஞர் ஒருவரிடம் உதவியாளராக வேலை செய்கிறேன். கருவிகளைச் சுத்தம் செய்வது, அமர்வு முடிந்தவர்களின் தோலைத் துடைத்து மூடி வீட்டுக்கு அனுப்புவது, அதற்குப் பிறகு இரவும் பகலும் அவர்கள் அனுப்பும் படங்களைப் பார்த்துப் பதில் சொல்வது எல்லாம் என் பொறுப்பு. தாராவி, மாட்டுங்கா, சயான் கோலிவாடா, டோம்பிவிலி என்று பல பக்கங்களிலிருந்து வரும் தமிழர்கள் என்னைத் தேடிப் பிடித்துக் கேட்கிறார்கள். கேட்பவை பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள். அவற்றைத் தொகுத்திருக்கிறேன். மருத்துவரிடம் போக வேண்டிய இடங்களில் போகச் சொல்லியிருக்கிறேன். அங்கே என் பதிலோடு நின்றுவிடாதீர்கள்.

"கை முழுக்கப் போட வேண்டும், அக்கா. காலையில் வந்தால் மாலைக்குள் முடிந்துவிடும் அல்லவா?"

முடியாது. தோளிலிருந்து மணிக்கட்டு வரை நிரப்ப 15 முதல் 30 மணி நேரம் ஆகும். முதுகு முழுவதும் என்றால் 40 மணி நேரத்தையும் தாண்டும். அதை நான்கைந்து மணி நேர அமர்வுகளாகப் பிரித்து, இடையில் தோல் ஆற விட்டுத்தான் செய்ய முடியும். முதலில் கோடுகள், அவை ஆறிய பிறகு நிழல், கடைசியில் நிறம்.

ஏன் இந்த நிதானம் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். தீக்காயத்தை அளக்கும்போது மருத்துவர்கள் உடல் பரப்பைச் சதவீதமாகப் பிரிப்பார்கள். விரல்களோடு சேர்த்த உள்ளங்கை ஏறக்குறைய 1, ஒரு கை முழுவதும் 9, உடம்பின் பின்பக்கம் கழுத்துக்குக் கீழிருந்து பிட்டம் வரை 18. டாட்டூ, தீக்காயம் போல ஆழமாகப் போவதில்லை. ஊசி ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர்தான் இறங்கும். ஆனாலும் அவ்வளவு பரப்பில் தோல் திறந்திருக்கிறது. மணிக்கட்டில் சின்னப் பட்டாம்பூச்சி குத்திய தோழி "எனக்கு ஒன்றுமே ஆகவில்லை" என்று சொல்வதை வைத்து இதை எடைபோடாதீர்கள்.

"எந்த மாதம் குத்திக்கொள்வது நல்லது?"

மும்பையில் நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை. வியர்வை குறைவு, காற்றில் ஈரம் குறைவு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. துணி காயாது, சாலையில் தேங்கும் நீரைத் தவிர்க்க முடியாது. அக்டோபர் புழுக்கத்தைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஊர்ப் பயணம், கல்யாணம், ஹோலி, கணபதி கரைப்பு ஆகியவற்றையும் நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். அமர்வுக்குப் பிறகு மூன்று வாரமாவது வண்ணப் பொடி, கடல், நீச்சல் குளம் எதுவும் தோலில் படக் கூடாது.

"ஸ்டேஷனுக்கு வெளியே பாதி விலைக்குச் செய்கிறார்கள். ஊசி புதிதுதான் என்று சொல்கிறார்கள். போகலாமா?"

போகாதீர்கள். புது ஊசி மட்டும் போதாது. மை பாட்டிலுக்குள் நேராக ஊசியை முக்கினால், முன்பு வந்தவரின் ரத்தம் அந்த மையில் இருக்கும். ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. மூன்றுக்கும் இது வழி.

எந்தக் கடைக்குப் போனாலும் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். ஊசிக் கார்ட்ரிட்ஜ் ஒட்டிய உறையில் இருக்க வேண்டும். அதன் முதுகில் காலாவதித் தேதியும், கிருமி நீக்கம் ஆனதும் நிறம் மாறும் ஒரு சிறு பொட்டும் இருக்கும். உங்கள் எதிரில்தான் உறையைக் கிழிக்க வேண்டும். மையைப் பட்டாணி அளவுச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றி, மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். இயந்திரத்துக்கும் அதன் கம்பிக்கும் பிளாஸ்டிக் உறை மாட்டியிருக்க வேண்டும். கையுறை போட்ட கையால் கைப்பேசியை எடுத்துப் பேசிவிட்டு அதே கையால் தோலைத் தொடுகிறாரா என்று கவனியுங்கள். அந்த ஒரு காட்சி போதும், எழுந்து வந்துவிடலாம். முன்பணம் போனால் போகட்டும்.

ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது. முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. பெரிய படத்துக்குத் திட்டமிட எப்படியும் மாதக்கணக்கில் ஆகும் என்பதால் அந்த இடைவெளியில் போட்டு முடித்துவிடலாம்.

"எனக்குச் சர்க்கரை இருக்கிறது. குத்திக்கொள்ளவே கூடாதா?"

கட்டுப்பாட்டில் இருந்தால் உங்கள் மருத்துவர் சம்மதத்தோடு குத்திக்கொள்ளலாம். கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் காயம் ஆற நாளாகும், சீழ் பிடிக்கும். குறிப்பாகக் கணுக்கால், பாதம் பக்கம் வேண்டவே வேண்டாம்.

கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் தள்ளிப்போடுவது நல்லது. இதய வால்வில் கோளாறு உள்ளவர்கள், நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், முகப்பருவுக்காக ஐசோட்ரெட்டினோயின் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வரக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் டாட்டூவுக்காக அதைத் தாங்களாகவே நிறுத்திவிட்டு வருகிறார்கள். அது உயிருக்கே ஆபத்து. ஒரு படத்துக்காக அந்த மாத்திரையைத் தொடாதீர்கள்.

"நான் கருப்பு. என் தோலில் நிறம் எடுக்குமா?"

எடுக்கும், தேர்ந்தெடுத்துப் போட்டால். மை தோலின் உள்ளடுக்கில் நிற்கிறது. அதை நாம் மேலடுக்கில் இருக்கும் மெலனின் என்ற நிறமி வழியாகத்தான் பார்க்கிறோம். அதனால் வெள்ளை, மஞ்சள், வெளிர் நீலம் மங்கலாகத் தெரியும். கருப்பும் அடர் சிவப்பும் கம்பீரமாக நிற்கும். படத்தைக் கொஞ்சம் பெரிதாக வரைந்து, இடையிடையே வெறும் தோலை விட்டால் நம் நிறமே அதற்கு வெளிச்சமாகிவிடும். இணையத்தில் வெள்ளைத் தோலில் எடுத்த படத்தைக் காட்டி "இதேபோல" என்று கேட்காமல், நம்மைப் போன்ற நிறத்தவருக்குச் செய்து, ஆறிய பிறகு எடுத்த படங்களைக் காட்டச் சொல்லுங்கள்.

தடித்த தழும்பு பற்றித்தான் நான் அதிகம் விசாரிப்பேன். காது குத்திய இடம் உருண்டு வீங்கியதா, தோளில் பி.சி.ஜி. ஊசி போட்ட தழும்பு வருடந்தோறும் பெருத்துக்கொண்டே வந்ததா என்று பாருங்கள். ஆம் என்றால் மார்பிலும் தோளிலும் பெரிய டாட்டூ வேண்டாம். முதலில் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

"முதுகில் ஒரு குறளும் கீழே அப்பா பெயரும் எழுத வேண்டும். கலைஞருக்குத் தமிழ் தெரியாது. தைரியமாகக் கொடுக்கலாமா?"

கொடுக்கலாம், மூன்று இடங்களில் நீங்கள் காவல் நின்றால். இந்தக் கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் காயம் ஆறிவிடும், தப்பான எழுத்து ஆறாது.

முதல் இடம் கணினி. பல வடிவமைப்பு மென்பொருள்களில் இந்திய மொழிகளுக்கான அமைப்பை இயக்காவிட்டால் தமிழ் உடைந்துவிடும். 'கொ', 'பெ', 'தை' போன்ற எழுத்துகளில் கொம்பு இடம் மாறி எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும். சில சமயம் புள்ளி வட்டம் ஒன்று நடுவில் முளைக்கும். மெய்யெழுத்தின் புள்ளி விலகி நிற்கும். தமிழ் தெரியாதவருக்கு அது ஏதோ அலங்காரமாகத் தெரியும். அதனால் தட்டச்சு செய்ததை அனுப்பாமல், நன்றாக எழுதத் தெரிந்த ஒருவரிடம் பேனாவால் எழுதி வாங்கி, அதைப் படமெடுத்து அனுப்புவதே பத்திரம். அப்பாவின் கையெழுத்தே இருந்தால் அதைவிடச் சிறப்பு.

இரண்டாவது, ஸ்டென்சில். ஊதா நிற அச்சு தோலில் பதிந்ததும் கண்ணாடி முன் நேராக நின்று பாருங்கள். கண்ணாடியில் எழுத்து இடவலமாகத் தெரியும் என்பதால் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்தைத் தமிழ் படிக்கத் தெரிந்த, குறள் தெரியாத ஒருவருக்கு அனுப்பி உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். குறள் மனப்பாடமாக இருப்பவர் பிழையையும் சரியாகவே படித்துவிடுவார். ர-ற, ல-ள-ழ, ந-ன-ண இந்த மூன்று கூட்டத்தையும் தனித்தனியே சரிபார்க்க வேண்டும்.

மூன்றாவது, அளவு. வருடங்கள் போகப் போக மை தோலுக்குள் சிறிது பரவும். 'ழ'வின் சுழி, 'ண'வின் வளைவுகள், 'இ'யின் உட்புறம் இவையெல்லாம் நெருக்கமாக இருந்தால் பத்து வருடத்தில் அடைத்துக்கொள்ளும். முதுகில் இடம் இருக்கிறது, எழுத்தைப் பெரிதாக்குங்கள்.

"அமர்வுக்கு முதல் நாள் என்ன செய்ய வேண்டும்? அன்று வெள்ளிக்கிழமை, எனக்கு விரதம்."

விரத நாளில் வராதீர்கள், வேறு நாள் வாங்குங்கள். வெறும் வயிற்றில் நாலு மணி நேரம் ஊசிக்குக் கீழே படுத்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, கண் இருட்டி மயக்கம் வரும். இட்லியோ சப்பாத்தியோ சோறோ, வழக்கமாக உடம்புக்கு ஒத்துக்கொள்வதை வயிறார, இரண்டு மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிடுங்கள். பையில் கடலை மிட்டாய், வாழைப்பழம், ஒரு பாட்டில் எலுமிச்சை ஜூஸ் இருக்கட்டும்.

முதல் நாள் மது வேண்டாம். நன்றாகத் தூங்குங்கள். முடியை நீங்களே மழிக்காதீர்கள், வேக்சிங்கும் செய்யாதீர்கள். சின்னக் கீறல் இருந்தாலும் அந்த இடத்தில் ஊசி போட முடியாது. நாங்கள் புது பிளேடால் மழித்துவிடுவோம். முதுகு என்றால் முன்பக்கம் திறக்கும் பழைய பருத்திச் சட்டையும், தொடை என்றால் தளர்ந்த அரைக்கால் சட்டையும் கொண்டுவாருங்கள். அதில் மை படும், போகாது. காய்ச்சலோ சளியோ இருந்தால் தயங்காமல் தேதியை மாற்றுங்கள்.

"வலி தாங்காது, அக்கா. இணையத்தில் மரத்துப்போகும் க்ரீம் விற்கிறார்கள். முதுகு முழுக்கப் பூசிக்கொண்டு வரட்டுமா?"

வேண்டாம். அந்த க்ரீம்களில் இருப்பது லிக்னோகெய்ன். பரந்த இடத்தில் பூசி அதன் மேல் பிளாஸ்டிக்கைச் சுற்றினால் மருந்து ரத்தத்தில் வேகமாக ஏறும். இதயத் துடிப்பு தாறுமாறாகும், வலிப்பு வரலாம், மூச்சு திணறலாம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 மார்ச்சில் இதைப் பற்றித் தனியாக எச்சரிக்கை வெளியிட்டது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கப்படும் இத்தகைய க்ரீம்களில் லிக்னோகெய்ன் 4 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அங்குள்ள விதி. உள்ளங்கை அளவுக்கு, மருத்துவர் சொன்ன மருந்தை, கலைஞருக்கும் தெரிவித்துவிட்டுப் பூசுவது வேறு விஷயம்.

வலி இடத்துக்கு இடம் மாறும். மேல்கையின் வெளிப்பக்கம், தொடை, தோள்பட்டை தாங்கலாம். விலா, முதுகெலும்பின் மேல், அக்குள் ஓரம், முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்புறம் கடினம். மூன்றாவது மணி நேரத்துக்குப் பிறகு எல்லா இடமும் கடினம்தான். "போதும், மிச்சத்தை அடுத்த முறை பார்க்கலாம்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. நல்ல கலைஞர் முகம் சுளிக்க மாட்டார்.

"முடிந்ததும் லோக்கல் ரயிலில் டோம்பிவிலி போக வேண்டும். பரவாயில்லையா?"

மாலை ஐந்தரை முதல் எட்டரை வரை ஏறாதீர்கள். முதல் வகுப்பிலும் அதே நெரிசல்தான். அடுத்தவரின் பை, வியர்வை, கதவுக் கம்பி எல்லாம் அந்தக் கையின் மேல் உரசும். காலை அமர்வு வாங்கி மூன்று மணிக்குள் கிளம்புங்கள், அல்லது கூட வர ஒருவரை அழைத்து வாருங்கள். பெரிய அமர்வுக்குப் பிறகு உடம்பு நடுங்கும், லேசாகக் காய்ச்சல் போல இருக்கும். பைக் ஓட்டிக்கொண்டு போக நினைக்காதீர்கள்.

"சுற்றிவிட்ட பிளாஸ்டிக்கை எப்போது எடுப்பது?"

எது போட்டார்கள் என்பதைப் பொறுத்தது. சமையலறையில் புழங்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் என்றால் வீடு போய்ச் சேர்ந்ததும், அதாவது இரண்டு முதல் நாலு மணி நேரத்தில் எடுத்துக் கழுவிவிட வேண்டும். அதைப் போட்டுக்கொண்டே தூங்கினால் வியர்வையில் ஊறும்.

செகண்ட் ஸ்கின் என்று சொல்லப்படும் ஒட்டும் படலம் என்றால், முதல் துண்டு ஒரு நாள், அடுத்த துண்டு மூன்று முதல் ஐந்து நாள். முதல் நாளில் அதற்குள் கருப்பாகக் குழம்பு போலத் தேங்கும். மிஞ்சிய மையும் நிணநீரும் கலந்தது அது, பயப்பட வேண்டாம். ஆனால் இங்குள்ள புழுக்கத்தில் ஓரம் பிரிந்து ஒழுகத் தொடங்கினால், நாள் கணக்குப் பார்க்காமல் உடனே எடுத்துவிடுங்கள். ஒழுகும் வழியே கிருமியும் உள்ளே போகும். வெதுவெதுப்பான நீர் விழ விழ, தோலோடு ஒட்டி மெல்ல இழுங்கள், மேல்நோக்கிப் பிய்க்காதீர்கள். படலத்துக்குக் கீழே சிவந்து சின்னக் கொப்புளம் தெரிந்தால் பசை உங்களுக்கு ஒவ்வவில்லை என்று பொருள், இன்னொன்று ஒட்டாதீர்கள்.

"எங்கள் சால் குடியிருப்பில் தண்ணீர் விடியற்காலையில் ஒரு மணி நேரம்தான் வரும். டிரம்மில் பிடித்து வைப்போம். அதில் கழுவலாமா?"

முதல் இரண்டு வாரம் அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் கழுவுங்கள். இதற்கென்று ஒரு மூடி போட்ட பாத்திரமும் தனிக் குவளையும் வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் குளிக்கும் பக்கெட்டில் கிடக்கும் குவளை வேண்டாம்.

காலை ஒரு முறை, இரவு ஒரு முறை. அதிகம் வியர்க்கும் நாளில் இன்னும் ஒரு முறை. முதலில் கையைச் சோப்பால் கழுவுங்கள். பிறகு வாசனை இல்லாத மென்மையான சோப்பை உள்ளங்கையில் நுரைத்து, விரல் நுனியால் வழுக்கினாற்போலத் தேய்த்து, வழவழப்புப் போகும் வரை நீர் ஊற்றுங்கள். துண்டு வேண்டாம், அதில் கிருமியும் நூலும் இருக்கும். பேப்பர் நாப்கினால் ஒற்றி எடுங்கள். பத்து நிமிடம் மின்விசிறிக் காற்றில் உலரட்டும். அதற்குப் பிறகுதான் களிம்பு, அதுவும் தோல் பளபளக்காத அளவுக்கு மெல்லியதாக. ஈரமான மும்பைக் காற்றில் களிம்பைக் குறைவாகப் போட்டுக் கெட்டவர்களைவிட அதிகமாகப் போட்டுப் புழுங்கவைத்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

"அம்மா மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் போடச் சொல்கிறார். பக்கத்து வீட்டு அத்தை பெட்னோவேட் கொடுத்தார்."

அம்மாவிடம் அன்பாகச் சொல்லி மறுத்துவிடுங்கள். சமையலறை மஞ்சள் தூள் கிருமி நீக்கப்பட்டது இல்லை. திறந்த தோலில் துகள் ஒட்டி அரிக்கும். தேங்காய் எண்ணெயைத் தோல் உரிந்து முடிந்த பிறகு, சுத்தமான புது பாட்டிலிலிருந்து தடவலாம். அதற்கு முன்பு வேண்டாம்.

பெட்னோவேட் ஸ்டீராய்டு. சிவப்பு அடங்கியது போலக் காட்டி, தோல் ஆறுவதைத் தாமதப்படுத்தும், கிருமி வளர இடம் கொடுக்கும். டெட்டால் புதுத் தோலை எரிக்கும். நியோஸ்போரின் சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும், ஏனென்றால் அதிலுள்ள நியோமைசின் அப்படிப்பட்ட மருந்து. கலைஞர் சொன்ன வாசனையற்ற களிம்பு ஒன்று போதும்.

"முதுகு முழுக்கப் போட்டுவிட்டேன். எப்படித் தூங்குவது? காலையில் பனியன் ஒட்டிக்கொண்டு வரவே இல்லை."

குப்புற, அல்லது பக்கவாட்டில், ஒரு தலையணையை அணைத்தபடி. துவைத்த பழைய பருத்திப் போர்வையை விரித்து, முதல் நான்கைந்து நாள் தினமும் மாற்றுங்கள். பூனை, நாய் இருந்தால் அறைக்கு வெளியே.

பனியன் ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள். இழுத்தால் பொருக்கோடு மையும் வரும், அந்த இடம் வெளுத்துவிடும். அப்படியே நின்று வெதுவெதுப்பான நீரை ஊற்றிக்கொண்டே இருங்கள்; துணி தானாக விடும்.

"தோல் உரிகிறது, கருப்பு கருப்பாக வருகிறது. பணம் போச்சா?"

போகவில்லை. நாலாம் நாள் வாக்கில் தொடங்கி இரண்டு வாரம் வரை உரியும். வருவது மேல்தோல், அதில் கொஞ்சம் மை தங்கியிருந்ததால் கருப்பாகத் தெரிகிறது. படம் இருப்பது அதற்கும் கீழே. அங்கே உடலின் காவல் செல்கள் மையை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அந்தச் செல் இறந்தாலும் அடுத்த செல் அதே மையை எடுத்துக்கொள்கிறது என்று 2018-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் எலிகளில் கண்டறிந்தார்கள். பச்சை ஆயுள் முழுக்க நிற்பதற்கு இதுவே காரணம்.

உரியும்போது அரிக்கும். சொறியாதீர்கள், உள்ளங்கையால் மெல்லத் தட்டுங்கள், குளிர்ந்த நீரில் கழுவுங்கள். உரிந்த பின் சில வாரங்கள் படத்தின் மேல் வெள்ளிப் பூச்சு போல மங்கலாக இருக்கும். முழுத் தெளிவு வர இரண்டு மூன்று மாதம் ஆகும்.

"எது சாதாரணம், எதற்கு மருத்துவரிடம் ஓட வேண்டும்?"

முதல் மூன்று நாள் சிவப்பு, சூடு, வீக்கம், தெளிவான நீர் கசிவு எல்லாம் சாதாரணம். காலில் போட்டவர்களுக்குக் கணுக்கால் வரை வீங்கும். காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்தால் வடியும். கையில் போட்டால் அக்குளில் நெறி கட்டலாம். இவை நாளுக்கு நாள் குறைய வேண்டும்.

குறையாமல் கூடினால் எச்சரிக்கை. சிவப்பு படத்தின் எல்லையைத் தாண்டிப் பரவுவது, மஞ்சள் அல்லது பச்சை நிறச் சீழ், துர்நாற்றம், குளிர் காய்ச்சல், காயத்திலிருந்து உடம்பை நோக்கிச் சிவப்புக் கோடு ஓடுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். சிவப்பின் விளிம்பைப் பேனாவால் கோடு போட்டு நேரத்தைக் குறித்துக்கொண்டால், பரவுகிறதா என்பது சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். தனியார் கிளினிக் கட்டணம் கட்டுப்படியாகாவிட்டால் சயான் மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. "டாட்டூ குத்தியதால் திட்டுவார்கள்" என்று பயந்து வீட்டில் உட்காராதீர்கள்.

"எங்கள் பாட்டி கை நிறையப் பச்சை குத்தியிருந்தார். குறத்தி குத்திவிட்டாளாம். எந்தக் களிம்பும் போடவில்லையே?"

அந்தக் கோலங்கள் அழகானவை, நான் தேடிப் பார்த்து ரசிப்பவை. இங்கே மராட்டியப் பாட்டிகளின் முன்கையிலும் அதே போன்ற புள்ளிகள் இருக்கும். ஆனால் அவர் குத்திக்கொண்டது சில கோடுகளும் புள்ளிகளும். நீங்கள் கேட்பது இயந்திரம் மணிக்கணக்கில் ஓடி, இடைவெளியில்லாமல் நிழலடித்த பரப்பு. பாட்டியின் தலைமுறையில் காய்ச்சலில் படுத்தவர்களும் இருந்தார்கள். அந்தக் கதைகள் நம் காது வரை வந்து சேரவில்லை.

"குத்தி ஒரு வாரம்தான் ஆகிறது. நேற்று ஹிந்த்மாதாவில் முழங்கால் அளவுத் தண்ணீரில் நடந்து வந்தேன். கெண்டைக்கால் டாட்டூ நனைந்துவிட்டது."

உடனே மேலே சொன்னபடி சோப்பு போட்டுக் கழுவுங்கள், கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். தேங்கிய மழைநீரில் எலிச் சிறுநீர் கலந்திருக்கும். அதிலிருந்து லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் வரும், திறந்த தோல்தான் அதன் வாசல். அப்படி நடந்தவர்கள் மூன்று நாட்களுக்குள் மருத்துவரைக் கேட்டுத் தடுப்பு மாத்திரை சாப்பிட வேண்டும் என்று மாநகராட்சி மழைக்காலத்தில் அறிவிப்பது வழக்கம். உங்களுக்கு அது இரண்டு மடங்கு பொருந்தும். காய்ச்சல், கெண்டைக்கால் தசையில் வலி, கண் சிவப்பு வந்தால் மழையில் நனைந்ததையும் டாட்டூவையும் சேர்த்தே சொல்லுங்கள்.

"பங்குனி உத்திரத்துக்குச் செடா நகர் முருகன் கோவிலில் காவடி எடுப்பதாக வேண்டுதல். தோளில் குத்தி இரண்டு வாரம் ஆகிறது. எடுக்கலாமா?"

தோள் மேல் கட்டை உராயும், வெயிலில் வியர்க்கும், திருநீறும் சந்தனமும் படும். இரண்டு வாரத் தோல் வெளியே மூடியது போலத் தெரிந்தாலும் உள்ளே ஆறியிருக்காது. ஆறு வாரம் ஆகியிருந்தால் எடுங்கள். இல்லாவிட்டால் மற்றத் தோளில் பாரத்தை வைத்து எடுக்க முடியுமா என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். பால்குடத்தைத் தலையில் சுமக்கலாம். அங்கப்பிரதட்சிணம் மட்டும் கண்டிப்பாக வேண்டாம். மாலை போட்டு விரதம் இருக்கும் மாதங்களையும் அமர்வு வாங்கும்போதே கலைஞரிடம் சொல்லிவிடுவது உத்தமம்.

"அடுத்த அமர்வு எப்போது? வெயிலில் எப்போது போகலாம்?"

அதே இடத்தில் என்றால் நாலு வாரமாவது விட வேண்டும். வெள்ளிப் பூச்சு போய்விட்டதா என்று பார்த்துத்தான் நாங்கள் தேதி கொடுப்போம். உடற்பயிற்சிக் கூடத்துக்கு மூன்று வாரம் கழித்து. முதல் மாதம் வெயிலுக்குத் துணிதான் மறைப்பு. ஆறிய பிறகு எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்க்ரீனை வாழ்நாள் முழுக்கப் போடுங்கள். படத்தை மங்கவைப்பதில் வெயிலுக்கு இணை வேறில்லை.

"நன்றாக ஆறிவிட்டது. மூன்றாவது வாரத்தில் சாம்பல் நிழல் உள்ள இடத்தில் மட்டும் சின்னச் சின்னக் கட்டிகள். கருப்புக் கோட்டில் ஒன்றும் இல்லை."

இதை முகப்பரு என்று விட்டுவிடாதீர்கள். சாம்பல் நிறம் கருப்பு மையை நீரால் நீர்க்கவைத்துச் செய்வது. அந்த நீரோ மையோ அசுத்தமாக இருந்தால் காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமிகள் தோலுக்குள் போய்விடும். அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் 2011, 2012-இல் 19 பேருக்கு இப்படித்தான் வந்தது. ஏற்கெனவே நீர்க்கவைத்து விற்கப்பட்ட சாம்பல் மைதான் காரணம். சாதாரண ஆன்டிபயாட்டிக்கில் இது அடங்காது. தோல் மருத்துவர் சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்து, பல மாதம் மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். "சாம்பல் இடத்தில் மட்டும்" என்ற சொற்களை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். கடைக்கும் தெரிவியுங்கள், அந்த பாட்டிலை அடுத்தவருக்குத் திறக்காமல் இருக்க. குழாய் நீரோ வாட்டர் பாட்டில் நீரோ கலக்கக் கூடாது, கிருமி நீக்கிய நீர்தான் கலக்க வேண்டும் என்பதை முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

"ஆறு மாதம் கழித்துச் சிவப்பு நிறம் மட்டும் தடித்து அரிக்கிறது."

ஒவ்வாமை. எல்லா நிறங்களிலும் சிவப்பே அதிகம் தொல்லை தருவது. மாதங்கள் கழித்தும், வருடங்கள் கழித்தும் வரும். இங்கே ஸ்டீராய்டு தேவைப்படலாம், ஆனால் மருத்துவர் கையால். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியிலிருந்து டாட்டூ மையில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களுக்குக் கட்டுப்பாடு விதித்திருக்கிறது. மை பாட்டிலில் அந்த விதிக்கு உட்பட்டது என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்கும் கலைஞர்கள் மும்பையிலும் இருக்கிறார்கள்.

"ரத்தம் கொடுக்கலாமா?"

கடைசி அமர்விலிருந்து 12 மாதம் கழித்து. நம் நாட்டு ரத்த தான வழிகாட்டுதல் அப்படி. பல அமர்வுகள் என்றால் ஒவ்வொன்றுக்குப் பிறகும் கணக்கு புதிதாகத் தொடங்கும்.

"தம்பி ராணுவத் தேர்வுக்குப் படிக்கிறான். கை முழுக்கப் போட ஆசைப்படுகிறான்."

நிறுத்துங்கள். ராணுவத்தில் முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் உள்ள பச்சையைத்தான் ஏற்கிறார்கள். மரபுப்படி குத்திக்கொள்ளும் பழங்குடியினருக்கு மட்டும் தனி விலக்கு உண்டு. சி.ஆர்.பி.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப். போன்ற மத்திய ஆயுதப் படைகளில் சல்யூட் அடிக்காத இடது முன்கையின் உட்புறம் அல்லது புறங்கை. அளவும் அந்தப் பகுதியில் கால் பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும். கை முழுக்கப் போட்டால் உடல் தகுதிச் சோதனையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். முதலில் வேலை கிடைக்கட்டும். அதற்குப் பிறகும் விதியைப் பார்த்துக்கொண்டு யோசிக்கட்டும்.

"பின்னாளில் எம்.ஆர்.ஐ. எடுக்க முடியுமா? பிரசவத்தில் முதுகுத்தண்டில் ஊசி போட மாட்டார்களாமே?"

எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். இரும்பு கலந்த மை இருந்தால் மிகச் சிலருக்கு அந்த இடம் சுடும். இயந்திரத்தில் ஏறும் முன்பே சொல்லிவிட்டால் கவனித்துக்கொள்வார்கள். முதுகுத்தண்டு ஊசியும் பெரும்பாலும் போடுவார்கள். மயக்க மருத்துவர் மை இல்லாத சின்ன இடத்தைத் தேடிக் குத்துவார். ஆறாத புதுப் பச்சை வழியாக மட்டும் போட மாட்டார்கள். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்களுக்கு, இடுப்புக்கு மேல் நடுவில் ஒரு உள்ளங்கை அளவு வெறும் தோல் விட்டு வரையச் சொல்கிறேன்.

"பிடிக்காமல் போனால் முழுவதும் எடுத்துவிட முடியுமா?"

கை அளவு, முதுகு அளவு என்றால் முழுவதும் எடுப்பது பெரும்பாடு. நம் நிறத் தோலுக்கு 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசரே பாதுகாப்பானது. குறைந்த அலைநீளத்தில் சுட்டால் தோலின் இயல்பு நிறமே போய் வெண்திட்டு விழலாம். கருப்பு மை அதற்கு நன்றாகக் கரையும். பச்சை நிறமும் வான நீலமும் பிடிவாதம் பிடிக்கும். வெள்ளை மை லேசர் பட்டதும் கருத்துப்போவதும் உண்டு. ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் ஆறு முதல் எட்டு வாரம் விட்டு, பல முறை போக வேண்டும். ஒவ்வொரு முறையும் அது ஒரு புதுக் காயம். கழுவுவதும் வெயிலில் மறைப்பதும் முன்பு சொன்னது போலவே.

செலவையும் நாட்களையும் கேட்ட பிறகு பலர் தேர்ந்தெடுப்பது நடுவழி. பிடிக்காத பகுதியை மட்டும் சில முறை லேசரில் மங்கவைத்து, இரண்டு மூன்று மாதம் ஆறவிட்டு, அதன் மேல் அடர்த்தியான புதுப் படம் குத்திக்கொள்வது. இதற்குக் கைதேர்ந்த கலைஞர்கள் தனி. அவர்களிடம் போகும்போது பழைய ஸ்டென்சில் படத்தையும், எந்த மை போட்டார்கள் என்ற விவரத்தையும் கொண்டுபோங்கள்.